நாய் மட்டும் வந்துச்சி

வண்டியை இப்படிப் புளியமரத்து நெழல்ல போடு தம்பி. அங்க வெயில்ல நிறுத்தினா கால் மணி நேரத்துல உள்ள இட்லி வெந்துடும். கண்ணாடியை ஏத்திவுட்டு நாயை உள்ள அடைச்சிட்டு டீ குடிக்க வந்திருக்கியே, உங்க ஊர்ல அதுக்கு என்னா பேரோ, எங்க ஊர்ல அதுக்குப் பேரு அவியல். எறக்கு, எறக்கு. கடிக்காதா? கடிச்சாலும் பரவால்ல. எங்கிட்ட இருக்கறது மூணு பல்லு. சண்டைன்னு வந்தா நாயமா இருக்காதுன்னு அதுவே வெக்கப்பட்டு ஒதுங்கிடும்.

ஏ அப்பா! இது என்னா சாதி? ஓநாய் வூட்டுல நரி சம்பந்தம் பண்ண மாதிரி இருக்கு. கண்ணு வேற நீலமா. ஹஸ்கியா? சைபீரியாவுல பனிமேல வண்டி இழுக்கற நாயி. பேரு ஸ்னோவா? ஸ்னோன்னா எனக்குத் தெரியும். என் கல்யாணத்துல மூஞ்சில அப்பினாங்க, அரை மணி நேரத்துல வேர்த்து வழிஞ்சி வேட்டி நாசமாப் போச்சி. இதுவும் அப்படித்தான் ஆவப் போவுது. ஆவணி மாச மத்தியானத்துல, கச்சிராயபாளையத்துல, பனி நாக்கை ஒரு மொழம் தொங்கவுட்டு நிக்கிறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

மாஸ்டர், பெரிய சட்டியில தண்ணி குடுப்பா. நாய்க்கு. தம்பிக்கும் அந்தம்மாவுக்கும் டீ. எனக்கும் ஒண்ணு, சக்கரை தூக்கலா. காசு தம்பி குடுக்கும்.

என் காலடியில இருக்கற பையை எதுக்கு அப்படி மோந்து பாக்குது? ஒண்ணுமில்லப்பா, துணிப்பை. இழுத்துப் புடி.

என்னா கேட்ட? இப்பக் கெளம்பினா மலையில மழை வருமான்னு. ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். ஆனா டீ வாங்கிக் குடுக்கறவனுக்கு ஒத்த வார்த்தையில பதில் சொல்றது எங்க பக்கத்துல மரியாதை இல்ல. உக்காரு.

போன்ல என்னா போட்டிருக்கு, படி. "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை." ம். அதைப் படிச்சிட்டுத்தான் கொடையும் எடுக்காம, வூட்டுலயும் இருக்காம, நடுவுல எங்கிட்ட வந்து நிக்கிற. அந்த ஓரிரு எடத்துக்கு ஒரு கணக்கு இருக்கு தம்பி. என் மச்சான் ஒருத்தன் மழைமானியில மழை அளக்கற வேலையில இருந்தான். தெனம் காலையில எட்டரைக்கு அளந்து எழுதணும். கல்யாண வூட்டுப் பந்தியில எலை போட்டு இட்லி வச்சிருந்தாலும் எட்டரைக்கு எழுந்து ஓடுவான். அவன் சொன்னதைச் சொல்றேன். நூறு எடத்துல மானி வச்சிருந்தா அதுல 25 எடம் வரைக்கும் நனைஞ்சா "ஓரிரு இடங்களில்". 50 வரைக்கும் போனா "சில இடங்களில்". 75 வரைக்கும்னா "பல இடங்களில்". அதுக்கும் மேலதான் "பெரும்பாலான இடங்களில்". கனமழைன்னு பேரு வாங்கணும்னா 64.5 மில்லிமீட்டராவது பெய்யணும். அந்த அரைப் புள்ளி எதுக்குடான்னு கேட்டேன். அது கொறைஞ்சா மிதமான மழை மாமான்னான். நான் தொப்பலா நனைஞ்சி நிக்கிறேன், இவன் எனக்கு மிதம்ன்றான்.

ஆனா ஒண்ணு. வானிலைக்காரன் பொய் சொல்லல. நூத்துக்கு 25-ன்னு அவன் நாயமாச் சொல்லிட்டான். நம்ம கொடியில காயற வேட்டி அந்த 25-ல சேத்தியா, மீதி 75-ல சேத்தியான்னு அவனே நேர்ல வந்து சொல்லணும்னு நாமதான் எதிர்பாக்கறோம்.

இதுக்கு எங்க காலத்துப் பஞ்சாங்கம் தேவலாம். வருசப் பொறப்பன்னிக்குக் கோயில்ல ஐயரு படிப்பாரு. இந்த வருசம் இத்தினி மரக்கால் மழை, அதுல கடலுக்கு இத்தினி பங்கு, மலைக்கு இத்தினி பங்கு, பூமிக்கு இத்தினின்னு. கடலுக்குத்தான் பெரும்பங்கு. ஏற்கெனவே நெறைய வச்சிருக்கறவனுக்குத்தான் மேல மேல ஊத்துவாங்கன்னு பெரியவங்க அன்னிக்கே கண்டுபுடிச்சி எழுதி வச்சிருக்காங்க பாரு. அந்தப் பங்குல எங்க தாலுக்காவுக்கு எவ்வளவுன்னு ஒரு தடவை கேட்டேன். ஐயரு பஞ்சாங்கத்தை மூடிட்டு சுண்டலு வாங்கிக்கன்னாரு.

நம்ம கண்ணுக்கும் சில கணக்கு இருக்கு. அதோ மலை தெரியுது பாரு. மத்த நாள்ல மங்கலா தூரத்துல கெடக்கும். மழைக்கு முந்தி, மரத்தை எண்ணிடலாம்ன்ற மாதிரி கிட்டக்க வந்து நிக்கும். எறும்பு முட்டையைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறும். தும்பி தாழப் பறக்கும். ஈசலு பொறப்படும். ஈசலு மழைக்கு முன்னாலயா பின்னாலயான்னு வாத்தியாரு ஒருத்தர் எங்கிட்ட அரை நாள் வாதம் பண்ணாரு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், வறுத்துப் பொரி போட்டுத் தின்னா தீந்துச்சி. ஆடி ஆவணியில இங்க வழக்கம் என்னான்னா, காலையில சுள்ளுன்னு வெயிலு. மத்தியானம் புழுக்கம். சூடான காத்து மலைச்சரிவைப் புடிச்சி மேல ஏறும், ஏறி மேகமாக் கட்டும். நாலு மணிக்கு உச்சியில கருக்கும், அந்தியில இடி. அந்தி மழை அழுதாலும் வுடாது.

பை அசையுதா? காத்துப்பா. நீ டீயைக் குடி, ஆறுது.

இத்தினியும் தெரிஞ்சவன்னு என்னைப் பெரிய ஆளா நெனைச்சிடாத. 2024 கார்த்திகையில ஒரு புயலு வந்துச்சே, பாதிப் பேரு ஃபெஞ்சல்னான், பாதிப் பேரு ஃபெங்கல்னான். பேரு வச்சது சவுதி அரேபியா. இந்தப் பக்கத்துக் கடலுக்கு 13 நாட்டுக்காரங்க ஆளுக்கு 13 பேரு எழுதிக் குடுத்திருக்காங்களாம், வரிசையில அவன் முறை. மழைக்கு ஏங்குற நாட்டுக்காரன் வச்ச பேரு, அதான் அத்தினி ஆசையாப் பேஞ்சிது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட கரையேறுதுன்னு சொன்னாங்க. இதே பெஞ்சில உக்காந்து நான் என்னா பேசினேன் தெரியுமா? "புதுச்சேரி இங்கேருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல. டிக்கெட்டு எடுத்து வர்றதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கிடும்." அது என்னாடான்னா கரையேறின எடத்துலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சி. அப்பறம் மெதுவா மேற்க நவுந்து, கொண்டாந்த தண்ணியெல்லாம் உள்நாட்டுல கொட்டிச்சி. மலைக்கு அந்தாண்ட ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையிலேருந்து 1,68,000 கன அடி தொறந்து வுட்டாங்க. மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர்னு தென்பெண்ணை ஓரத்துச் சனமெல்லாம் அந்த ராத்திரி பட்டதைச் சொல்லிச் சிரிக்க முடியாது, வுட்டுடு. என் ஒன்னரை ஏக்கர் கரும்பு மட்டும் பாய் விரிச்ச மாதிரி படுத்துச்சி. அதை வேணா சிரிச்சிக்க. நான் வாயால ஓட்டின புயலு என் கொல்லையிலதான் வந்து படுத்துச்சி.

அந்தம்மாவுக்கு என் பேச்சு புடிச்சிருக்கு போல, சிரிக்குது. நீதான் வாச்சைப் பாக்கற. பொறு.

சேதி ஒண்ணு முன்னால வரும் தம்பி, அதைக் கேட்டு நாம எறங்கிடுவோம். எறங்கின எடம் வேற ஊரா இருக்கும். எனக்கே நடந்துச்சி. அப்ப எனக்கு மீசை அரும்பின வயசு. விழுப்புரத்துல ஒரு துக்கம், அதை முடிச்சிட்டு அப்படியே சேலத்துக்குப் போவணும், செவ்வாய்ப்பேட்டையில பொண்ணு பாக்க. எங்க அண்ணனுக்கு. வெறுங்கையோட போவக் கூடாதுன்னு ஒரு நாட்டுச் சேவலு வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். ராத்திரி பஸ்ஸு. கண்டக்டர் பையைப் பாத்தாரு, பை அவரைப் பாத்துச்சி. லக்கேஜ் டிக்கெட்டுன்னாரு. சேவலு என்னா சீட்டுலயா உக்காந்திருக்குன்னேன். அப்ப எறக்கி வுடுன்னாரு. குடுத்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டினதும் தூங்கிட்டேன். எங்க சொந்த ஊரான கள்ளக்குறிச்சியையே தூக்கத்துல தாண்டியிருக்கேன் பாத்துக்க. எதுர்ல வந்த லாரி வெளிச்சம் பையில அடிச்சிச்சி. சேவலு விடிஞ்சிடுச்சின்னு நெனைச்சி ஒரு கூவல் கூவுச்சி. பஸ்ஸு முச்சூடும் முழிச்சிக்கிச்சி. நானும் முழிச்சேன். சேவலு கூவினா விடியக்காலை, விடியக்காலையில பஸ்ஸு சேலம் போயிடும், அது என் கணக்கு. கண்டக்டரும் அந்நேரம் பாத்து "சேலம் எறங்கு, சேலம் எறங்கு"ன்றாரு. எறங்கிட்டேன். பஸ்ஸு போனப்பறம் பாத்தா கும்மிருட்டு. ஒரே ஒரு டீக்கடை, ஒரே ஒரு நாயி. செவ்வாய்ப்பேட்டை எந்தப் பக்கம்னேன். டீக்கடைக்காரரு நெதானமா ஆத்தி முடிச்சிட்டு, "நேரா மேற்க, 75 கிலோமீட்டர்"ன்னாரு. கண்டக்டரு கத்தினது சேலம் இல்ல, சின்னசேலம். சின்னவை என் காது முழுங்கிடுச்சி.

சேவலு பொய் சொல்லுச்சா? இல்ல. அது வெளிச்சம் வந்துச்சின்னு சொல்லுச்சி. கண்டக்டரு பொய் சொன்னாரா? அவரும் இல்ல. மீதியை நான் சேத்துக்கிட்டேன். சின்னசேலத்துல எங்க அத்தை வூடு இருந்துச்சி, கையில சேவலும் இருந்துச்சி. கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சி. அண்ணனுக்குப் பொண்ணு பாக்கறது அடுத்த தைக்குத் தள்ளிப் போச்சி. அண்ணன் எங்கூட ரெண்டு மாசம் பேசல.

சின்னசேலம்னதும் நாபகம் வருது. அங்க ரயிலு நிக்கும், சேலம் விருத்தாசலம் பாதை. அங்கேருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர். ரயிலு வருது, ரயிலு வருதுன்ற சேதி மட்டும் எந்த ஸ்டேஷன்லயும் நிக்காம எப்பவோ வந்து சேந்துடுச்சி. மாவட்டத் தலைநகரு நாங்க, 2019 நவம்பர் 26-லேருந்து. விழுப்புரத்துலேருந்து பிரிஞ்சி தனிக்குடித்தனம் வந்த மறுநாளே என் பேரன், தாத்தா இனிமே நாம சிட்டின்னான். நான் அன்னிக்கும் மாட்டுக்குத் தண்ணிதான் காட்டிக்கிட்டிருந்தேன்.

சரி, நாய்க்கு வர்றேன். இந்த மலைக்கும் நாய்க்கும் ஒரு கதை இருக்கு. நீ மலைக்குப் போற, நாயோட போற, மழை வருமான்னு வேற கேக்கற. உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்றது.

மேல இருக்கற சனங்க மலையாளிங்க. கேரளா இல்ல, கேரளா இல்ல. மலையை ஆண்டவன் மலையாளி. பேசறது நம்ம தமிழுதான். போன தடவை உன்னாட்டம் ஒரு தம்பி மேல போயி ஒரு கெழவிகிட்ட "சுகமாணோ"ன்னு கேட்டிருக்கான். அது "என் பேரு சுகமணி இல்ல சாமி, அவ பக்கத்து வூடு"ன்னு சொல்லி அனுப்பிச்சிச்சாம். அவங்க வழிவழியாச் சொல்றது, காஞ்சிபுரத்துலேருந்து வந்தோம்னு. ஒரு கதையில, மூணு அண்ணன் தம்பிங்க நாய்ங்களைக் கூட்டிக்கிட்டு வேட்டைக்கு மலையேறினாங்க. மழை புடிச்சிக்கிச்சி. எறங்க முடியல. ஏதோ பாறைக்கடியில ஒதுங்கிக் கெடந்திருப்பாங்க. நாய்க்கு அந்தப் பொறுமை ஏது? வழி தெரியும், வூட்டு நெனப்பு வேற. அது பாட்டுக்கு எறங்கித் திரும்பிடுச்சி. வாசல்ல பொண்டாட்டிங்க நிக்கிறாங்க. நாயி வந்துச்சி. ஆளு வரல. அவ்வளவுதான், போயிட்டாங்கன்னு முடிவு பண்ணி, வூட்டுக்கு நெருப்பு வச்சி அதுலயே வெந்து போயிட்டாங்க. மழை வுட்டுச்சி. மூணு பேரும் எறங்கி வந்தாங்க. வந்து பாத்தா சாம்பலு. இனிமே கீழ நமக்கு என்னா இருக்குன்னு திரும்ப மலைக்கே ஏறிட்டாங்க. மலைக்கு மலை இந்தக் கதை மாறும். சில பேரு சொல்றதுல நாயே வராது. எனக்கு நாயி வர்ற கதைதான் புடிக்கும்.

அந்த நாயி என்னா சேதி கொண்டாந்துச்சி? "நான் வந்துட்டேன்." அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச சேதி. அதனால அம்மா, உனக்குத்தான் சொல்றேன், மேல பாதி எடத்துல போன் எடுக்காது. தம்பி போட்டோ புடிக்கறேன்னு கொஞ்சம் தள்ளிப் போவாரு. மழை தூறும். இந்த ஸ்னோ மட்டும் ஓடியாந்து வண்டிகிட்ட நின்னு ஒடம்பை ஒதறும். அப்ப நீ அழுது ஊரைக் கூட்டாத. தம்பி எங்கியாவது ஒரு கடையில போண்டா தின்னுக்கிட்டிருப்பாரு. ஆம்பளைங்க காணாமப் போனா மொதல்ல போண்டாக் கடையைத்தான் பாக்கணும். எங்க வூட்டுல கேளு, சொல்லுவா.

சேதின்னா இன்னொண்ணு. நாட்டுக்கு 1947-ல சுதந்திரம் வந்துச்சில்ல? இந்த மலைக்கு அந்தச் சேதி நடந்து வந்துச்சி. மேல ஜாகீர்தாருங்க கைலதான் எல்லாம். வரி அவங்களுக்கு, கூலி இல்லாத வேலை அவங்களுக்கு. 1976-லதான் ஜாகீரு ஒழிஞ்சிது. 29 வருசம். பேராண்டியே, கொண்டை ஊசி வளைவு எத்தினி இருந்தாலும் 29 வருசமா ஆவும்? இப்பவும் சில ஊருக்கு ரோடு போய்ச் சேரல. 2024-ல ஹைகோர்ட்டே தானா வழக்கு எடுத்து இந்த மலைச் சனத்துக்கு என்னா பண்ணீங்கன்னு கேட்டுச்சி. உன் வண்டி குலுங்கினா மொகத்தைச் சுளிக்காத. பிரசவ வலியோட குலுங்கினவங்க இருக்காங்க.

வழியைக் கேட்டுக்க. இங்கேருந்து கோமுகி அணை, பரிகம், அதுக்கப்பறம் ஏத்தம். கரியாலூர், அப்பறம் வெள்ளிமலை. கரியாலூர்ல பார்க்கு இருக்கு, போட்டு இருக்கு, அந்தம்மாவுக்குப் புடிக்கும். போன்ல மேப்பு காட்டற கோட்டை நம்பி குறுக்கு வழியில நுழையாத. மேப்புக்கு மலையும் தரைதான், கோடு போட்டா போட்டதுதான். ஆளைக் கேளு. ஆனா "கிட்டக்கதான்"ன்னு சொன்னா அதை நம்பாத. அவங்க காலுக்குக் கிட்டக்க. "ஒரு கூப்புடு தூரம்"ன்னா சாப்புட்டுட்டுப் பொறப்படு. ஏறும்போது எந்தக் கியருல ஏறினியோ அதே கியருலதான் எறங்கணும். பிரேக்கையே அழுத்திக்கிட்டு வந்தா பாதி மலையில கருகின வாசனை வரும், பக்கோடா போடறாங்கன்னு நெனைச்சிக்காத. எதுர்ல ஏறி வர்றவனுக்கு நீ நின்னு வழி வுடு. அது மரியாதைக்கு மட்டும் இல்ல, ரூலே அப்படித்தான். கொரங்குக்கு எதுவும் போடாத. போட்டா அடுத்து வர்றவன் கையிலேருந்து அது புடுங்கும், அடுத்து வர்றவன் நானா இருப்பேன்.

மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போவீங்க. அங்க குளிக்கும்போது வானத்தைப் பாக்காத, தண்ணியைப் பாரு. உன் தலைமேல வெயிலு அடிக்கும். மேல எங்கியோ ரெண்டு குன்னு தாண்டிக் கொட்டியிருக்கும். தெளிஞ்ச தண்ணி கலங்குச்சின்னா, சருவும் சுள்ளியும் மெதந்து வந்துச்சின்னா, சோப்பு மூஞ்சோட ஏறி ஓடியாந்துடு. துண்டு போனாப் போவட்டும். இத்தினி நேரம் முன்னால வர்ற சேதியையெல்லாம் நம்பாதன்னு சொன்னவன் சொல்றேன், இந்த ஒரு சேதியைக் கேள்வி கேக்காம நம்பு. தண்ணி எதையும் நம்ம தலையில சேத்துக்கச் சொல்லி வுடாது. சொல்லிட்டு ஒடனே பின்னாலயே வந்துடும்.

நாய்க்கு மொட்டை அடிக்கலாமான்னு நெனைக்கிறேன்றியா? வாணாம்மா. அந்த ரெட்டை முடிதான் அதுக்குக் குளிரையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். நடு மத்தியானம் தார் ரோட்டுல நடக்க வைக்காத. உன் பொறங்கையைத் தரையில வச்சிப் பாரு, அஞ்சு எண்ற வரைக்கும் வைக்க முடியலைன்னா அதுக்கும் முடியாது. மேல போனா கொஞ்சம் சொகமா இருக்கும். 3000 அடி ஏறினா ஆறு டிகிரி கொறையும்னு மச்சான் சொல்லுவான். சைபீரியா ஆவாது, ஆனா அவியலும் ஆவாது. கயித்தை மட்டும் வுடாத. மேல ஊர் நாய்ங்க இருக்கு. நீலக் கண்ணைப் பாத்தா எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளைன்னு கேட்டு நாலு பக்கமும் சூழ்ந்துக்கும்.

ஊர் நாய்ன்னதும் சொல்றேன், டெல்லியில 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தெருநாயெல்லாம் புடிச்சி அடைக்கச் சொல்லுச்சி. 22-ஆம் தேதி இன்னும் பெரிய பெஞ்சு உக்காந்து, ஊசி போட்டு, கருத்தடை பண்ணி, புடிச்ச எடத்துலயே வுடு, வெறி புடிச்சதையும் கடிக்கற புத்தி உள்ளதையும் மட்டும் வுடாதன்னுச்சி. நடுவுல அந்தப் பதினோரு நாளும் நாய்ங்களுக்குப் பேப்பர் படிக்கத் தெரியாததுதான் நல்லது. படிச்சிருந்தா ஒண்ணும் தூங்கியிருக்காது.

மேல ஏதாவது நாயி கடிச்சிடுச்சின்னா, சுண்ணாம்பு வைக்கறேன், மொளகாத்தூளு வைக்கறேன்னு என்னை மாதிரி கெழவன் எவனாவது வந்தா வெரட்டி வுடு. சோப்பு போட்டு, ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவு. அப்பறம் நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அன்னிக்கு ஒரு ஊசி, மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருவத்தெட்டாம் நாளு. கேட்டா கருமாதிக் கணக்கு மாதிரி இருக்கும். ஊசிக் கணக்கை வுட்டாத்தான் கருமாதிக் கணக்கு வரும். வெறிநோயி ஒடம்புல தெரிஞ்சப்பறம் காப்பாத்தறதுக்கு வழி இல்ல தம்பி, அதனால இதுல மட்டும் நான் வெளையாடல.

மாஸ்டர், இன்னொரு டீ. இதுவும் தம்பி கணக்குல.

மழை வருமா வராதான்னு இன்னும் சொல்லலையே பெரியவரேன்றியா? இப்ப நாம பேசிக்கிட்டிருக்கும்போது மேலேருந்து ஒரு மினி லாரி மரவள்ளிக் கெழங்கு ஏத்திக்கிட்டு எறங்கிப் போச்சே, பாத்தியா? சக்கரத்துல செம்மண்ணு ஈரமா ஒட்டிக்கிட்டிருந்துச்சி. தார்ப்பாயிலேருந்து தண்ணி சொட்டிச்சி. மழை வருமான்னு கேக்கற, அது வந்துட்டுப் போயிடுச்சி. சாயங்காலம் மறுபடியும் வரும். அந்தக் கதவுல சேறு அடிச்ச எடத்தைப் பாத்தா பரிகத்துக்கு மேல ரெண்டு எடத்துல ரோட்டுல தண்ணி ஓடுதுன்னு தெரியுது. எந்த எடம்னு தெரிஞ்சவன் ஒருத்தன் வண்டியில கூட இருந்தா நல்லது.

அப்பவே சொல்லியிருக்கலாமேன்னா? சொல்லியிருக்கலாம். அப்ப உனக்கு என்னைத் தெரியாது. தெரியாத ஆளை யாராவது வண்டியில ஏத்துவாங்களா? ஒன்னரை மணி பஸ்ஸு எனக்குப் போயிடுச்சி தம்பி, அடுத்தது சாயங்காலம். மேல இன்னாடுன்ற ஊர்ல ஒரு கூட்டாளி இருக்கான். வருசா வருசம் அவன் எனக்குப் புளியும் கடுக்காயும் எடுத்து வைப்பான், நான் அவனுக்கு ஒண்ணு கொண்டாந்து குடுப்பேன். வெள்ளிமலையில எறக்கி வுட்டாப் போதும், நடந்து போயிக்குவேன்.

பின் சீட்டுல ஸ்னோவும் நானும் உக்காந்துக்கறோம். அதுக்கு எம்மேல பாசம் வந்துடுச்சி பாரு, வுட்டு நவுர மாட்டேங்குது. பையை மட்டும் அந்தம்மா மடியில வச்சிக்கட்டும். நாய்க்கும் இதுக்கும் நடுவுல ஒரு சீட்டாவது இருக்கணும்.

கூவுதா? அது கெடக்குது, மணி ரெண்டேகால்தான் ஆவுது. இதுக்கெல்லாம் நீ லக்கேஜ் டிக்கெட்டு கேக்க மாட்டியே?